காதைக் குத்தும் ஒலியை இதமாக்க என்ன செய்யலாம்?

மோகனப்பிரியன்

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பின் நிதானமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசையில் சென்ற ஆண்டு ஒரு ஸ்டீரியோ அமைப்பை வாங்கினேன். ஆம்ப்ளிஃபயர் யமாஹா ஏ-எஸ்501. ஸ்பீக்கர்கள் தாழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபரும், உச்ச ஒலிக்குக் குழல்வாய் போன்ற ஹார்னுக்குள் பொருத்திய ட்வீட்டரும் உடைய புக்‌ஷெல்ஃப் வகை. பேஸ் (தாழ்ந்த ஒலி) வெளிவரும் துளை பின்பக்கம் இருக்கிறது. பெரும்பாலும் கணினியிலிருந்து ஆப்டிகல் கேபிள் வழியாகக் கேட்கிறேன். ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) பூட்டிய, இசைத்தட்டுக்கான டர்ன்டேபிளும் ஒன்று உண்டு.

என் குறை இதுதான்: ஒலியில் தெளிவு இருக்கிறது, சதைப்பிடிப்பு இல்லை. கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டால் மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் ஒவ்வொரு விரலும் தனித்தனியே கேட்கிறது. இடப்பக்கத் தொப்பி மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல் வறண்டு போகிறது. பாடுபவர் ‘ஸ’ என்று தொடும் இடமெல்லாம் சீறுகிறது. எண்பதுகளின் திரைப்பாடல்களில் வயலின் கூட்டம் மேலே எழும்பும்போது கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடிவதில்லை.

கூடம் 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். தரை விட்ரிஃபைடு டைல்ஸ். சுவர்கள் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தவை. ஒரு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். ஸ்பீக்கர்கள் அகலவாட்டுச் சுவர்ப் பக்கம் ஸ்டாண்டின் மீது நிற்கின்றன. வூஃபரின் நடுப்புள்ளி தரையிலிருந்து 75 செ.மீ., பின்சுவரிலிருந்து 75 செ.மீ., பக்கச் சுவரிலிருந்து 80 செ.மீ. தூரத்தில் உள்ளது. நான் உட்காரும் சோபா எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. வாங்கிய கடையில் கேட்டபோது, ஸ்பீக்கர் விலையில் பாதியை விழுங்கும் ஒரு கேபிளைக் காட்டினார்கள். அதிலும் சரியாகாவிட்டால், டிரான்சிஸ்டருக்குப் பதில் பழைய பாணிக் கண்ணாடி வால்வுகள் கொண்ட வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு மாறிவிடுங்கள் என்றார்கள்.

ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு உறவினர்கள் வந்து தங்கிய இரண்டு நாள்களும் மெத்தைகளையெல்லாம் கூடத்தில் அடுக்கி வைத்திருந்தோம். அப்போது இதே பாட்டு, இதே ஸ்பீக்கரில், வேறொரு வீட்டில் கேட்பது போல் அத்தனை இதமாக இருந்தது. அது என் பிரமையா, சர்க்கரைப் பொங்கலின் மயக்கமா என்று தெரியவில்லை.

சுருதிப்பெட்டி

ஐயா, வணக்கம். உங்கள் கேள்விக்கான பாதி விடையைக் கடைசிப் பத்தியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். அது பிரமையன்று. 1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேசுவது ஒருவருக்கும் விளங்கவில்லை என்று, அதைச் சரிசெய்யும் பொறுப்பை வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் சுமந்து வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு ஒலி எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று அளந்தார். அறை ஒலியியல் என்ற துறையே அங்கிருந்துதான் தொடங்கியது. நீங்கள் பொங்கலன்று செய்ததும் அதே சோதனைதான்.

அவருடைய கணக்கை உங்கள் கூடத்துக்குப் போட்டுப் பார்ப்போம். அறையின் கொள்ளளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் அடங்க எத்தனை நொடி ஆகும் என்பது கிடைக்கும். உங்கள் கூடம் ஏறத்தாழ 47.5 கன மீட்டர். தரை, சுவர், கூரை எல்லாம் சேர்ந்து 80 சதுர மீட்டர் பரப்பு. ஆனால் பூசிய சுவரும் டைல்ஸும் தம்மீது படும் ஒலியில் நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும் என்பதால், வெறும் கூடத்தின் உறிஞ்சும் பரப்பு இரண்டு சதுர மீட்டரைத் தாண்டுவதே அரிது. அப்படியானால் ஒலி அடங்க மூன்று நொடிக்கு மேல் ஆகும். சோபாவும் திரைச்சீலையும் நீங்களும் அதைக் குறைக்கிறீர்கள் என்றாலும், இசை கேட்க வசதியான அரை நொடிக்கு அது இறங்க வேண்டுமானால் 15 சதுர மீட்டர் உறிஞ்சல் தேவை. ஓர் ஆள் கூடத்தில் இருந்தாலே சுமார் அரை சதுர மீட்டர் கணக்கு. அத்தனை உறவினர்களும் அத்தனை மெத்தைகளும் என்ன செய்திருக்கும் என்று பாருங்கள். திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது என்பதால் சாபின் திறந்த ஜன்னலின் பரப்பையே அளவலகாக வைத்துக்கொண்டார். ஆகவே முதல் வேலையாக, செலவே இல்லாமல், அந்தக் கண்ணாடி ஜன்னலைத் திறந்து வைத்துக் கேளுங்கள். கொசுவை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பாதி விடை நீங்கள் கொடுத்த அளவுகளில் இருக்கிறது. 75, 75, 80 என்று படித்தவுடன் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வூஃபரிலிருந்து பின்பக்கம் போகும் தாழ்ந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, சுவருக்கான தூரம் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், அது நேரே வரும் ஒலிக்கு எதிராக வந்து சேர்ந்து அதை அழித்துவிடும். 75 செ.மீ. தூரத்துக்கு அந்த அதிர்வெண் 114 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 114 அதிர்வு). ஆண் குரலின் அடித்தளமும் தொப்பியின் ஆழ்ந்த கும்கி நாதமும் குடியிருக்கும் வட்டாரம் அதுவே. தரை, பின்சுவர், பக்கச்சுவர் மூன்றும் ஏறத்தாழச் சம தூரத்தில் இருந்தால் ஒலியில் இப்படி விழும் பள்ளம் இன்னும் ஆழமாகும் என்பதை அமெரிக்க ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ராய் அலிசன் 1974இலேயே எழுதிவிட்டார். ஆகையால் உங்கள் ஒலி டிரெபிள் (உச்ச ஒலி) மிகுந்து கெட்டதைவிட, கீழ்மிட்ரேஞ்ச் (பேஸை அடுத்த கீழ்நடுப்பகுதி) காணாமல் போய்க் கெட்டது என்றே நினைக்கிறேன். வார்ம் என்று நாம் சொல்லும் கதகதப்பு 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி நிறைவாக இருப்பதால் வருவது. அது குறைந்தால் மேலே இருப்பதெல்லாம் எடுப்பாகித் துருத்திக்கொண்டு தெரியும்.

எனவே மூன்று தூரங்களையும் ஒன்றுக்கொன்று விலக்குங்கள். தரைக்கு 75 அப்படியே இருக்கட்டும்; பக்கச்சுவருக்கு 60 ஆக்குங்கள்; வூஃபரின் முகம் பின்சுவரிலிருந்து 42 செ.மீ. வரும்படி பின்னால் தள்ளுங்கள். பள்ளம் 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிவிடும். அங்கே ஸ்பீக்கர் பின்பக்கம் அனுப்பும் ஒலி குறைவு. மீதியைத் தடிமனான பஞ்சுப் பலகையால் அடக்கவும் முடியும். சுவரை நெருங்குவதால் கீழ் பேஸும் கொஞ்சம் கூடும். குமுகுமுவென்று மிகுந்தால் பேஸ் துளையில் ஒரு பழைய பருத்திக் காலுறையைச் சுருட்டிச் செருகிப் பாருங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும். சோபாவை எதிர்ச்சுவரிலிருந்து இரண்டடியாவது முன்னால் இழுங்கள். ஹார்ன் ட்வீட்டர் கை விளக்கு போல ஒரே திசையில் பாய்ச்சும் இயல்புடையது; அதை நேரே காதுக்குக் குறிவைக்காமல், அதன் பார்வை உங்கள் தோள்களுக்கு வெளியே போகும்படி சற்று வெளிப்புறமாகத் திருப்பிவிடுங்கள். முகத் துணியைக் கழற்றி வைத்திருந்தால் மாட்டிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தை மட்டும் விரித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மெல்லிய துணி மேல்கோடி ஒலியை மட்டுமே உறிஞ்சும். நடுப்பகுதி அப்படியே அலையும். அப்போது ஒலி மங்கலாகவும் இருக்கும், காதையும் குத்தும். தடிமன்தான் முக்கியம். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள 5 செ.மீ. ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு) பலகையை மரச்சட்டத்தில் வைத்து, கதர்த் துணி போர்த்தி, சுவருக்கும் அதற்கும் இடையே 5 செ.மீ. இடைவெளி விட்டு மாட்டினால் கீழ்மிட்ரேஞ்ச் வரை பலன் தெரியும். முட்டை அட்டையை ஒட்டுவது வீண் வேலை.

வால்வு விளக்கு

நண்பர் சுருதிப்பெட்டி சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் வால்வைக் கடைக்காரரின் வியாபாரப் பேச்சாக மட்டும் தள்ளிவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். என்னிடம் நான்கு இஎல்34 வால்வுகள் கொண்ட ஆம்ப்ளிஃபயர் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதில் ஆண் குரல் நெஞ்சுக்கூட்டிலிருந்து வருவது போல் கேட்கும்; டிரான்சிஸ்டருக்குத் திரும்பினால் குரல் தொண்டைக்கு ஏறிவிட்டது போல் தோன்றும். இரண்டாம் ஹார்மோனிக் (மூல அதிர்வெண்ணின் இரு மடங்கில் எழும் ஒலி) கூடுதலாகக் கலப்பது ஒரு காரணம். எங்கள் தரப்பிலும் பலர் மறைக்கும் இன்னொரு காரணம், வால்வு ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்தடை அதிகம் என்பது. அது இரண்டு ஓம் என்று வையுங்கள். ஸ்பீக்கரின் மின்தடை ஓர் அதிர்வெண்ணில் 20 ஓமாகவும் இன்னோர் அதிர்வெண்ணில் 4 ஓமாகவும் இருந்தால், இரண்டுக்கும் இடையே 2.7 டெசிபல் வேறுபாட்டை ஆம்ப்ளிஃபயரே உண்டாக்கிவிடும். அதாவது, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஈக்வலைசர் (ஒலியின் சில பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதன் குமிழ் உங்கள் கையில் இல்லை. உங்கள் ஸ்பீக்கரின் மின்தடைக் கோடு எப்படிப் போகிறதோ அதன்படி இனிக்கவும் செய்யும், கசக்கவும் செய்யும். வாங்குவதற்கு முன் யாரிடமாவது கடன் பெற்று உங்கள் வீட்டிலேயே ஒரு வாரம் கேளுங்கள்.

இழையைச் சூடாக்க மட்டும் ஒரு இஎல்34 வால்வு 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் எடுக்கும். நான்குக்கு 38 வாட். சித்திரை மாதத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் கதகதப்புக்குக் குறைவிருக்காது. உள்ளே நானூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும் என்பதால் பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீட்டில் மேல்கூண்டைக் கழற்றவே கூடாது.

அளவுகோல்

ஐயா, கேபிளைப் பற்றி ஒருவரும் கணக்குச் சொல்லவில்லை. 2.5 சதுர மி.மீ. செப்பு வயரை மூன்று மீட்டருக்கு இழுத்தால் போகவர மொத்த மின்தடை 0.04 ஓம் அளவே. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அதனால் ஏற்படும் இழப்பு 0.05 டெசிபலுக்கும் குறைவு. அந்தப் பணத்தை ராக்வூலுக்கும் தச்சருக்கும் கொடுங்கள்.

உங்கள் ஆம்ப்ளிஃபயரின் முகப்பிலேயே பேஸ், டிரெபிள் குமிழ்கள் இருக்கின்றன. ‘ப்யூர் டைரக்ட்’ பொத்தானை அழுத்தி வைத்திருந்தால் அவை வேலை செய்யா. ஹை-ஃபை பழக்கம் உள்ளவர்களில் பலர் அந்தப் பொத்தானை அணைப்பதையே பாவமாகக் கருதுகிறார்கள். இன்று புழங்கும் டோன் கன்ட்ரோல்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலமான சுற்றைப் பீட்டர் பாக்ஸண்டால் 1952 அக்டோபரில் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் வெளியிட்டார். நல்ல பொறியாளர் நமக்காகச் செய்து வைத்த வசதியைப் பயன்படுத்துவதில் கூச்சம் வேண்டியதில்லை. டிரெபிளைப் பன்னிரண்டு மணியிலிருந்து பதினொன்றுக்குத் திருப்பி ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுங்கள். முதல் நாள் ஒலி மங்கியது போல் தோன்றும். அது காது பழகிய கூர்மையைத் தேடுவதால் வரும் ஏக்கம். வாரக் கடைசியில் மீண்டும் நடுவில் வைத்துக் கேட்டால் எது சரி என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கணினி வழியாகக் கேட்பதால் இன்னும் நுணுக்கமாகப் போகலாம். ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளில் 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றரை டெசிபல் இறக்கமும், 200க்குக் கீழே ஒன்றரை டெசிபல் ஏற்றமும் கொடுத்தால் போதும். ‘ஸ’ சீறுவது அப்படியும் நிற்காவிட்டால் 6,000 முதல் 8,000 வரை இன்னும் இரண்டு டெசிபல் குறையுங்கள். ஆனால் இடமாற்றத்தை முதலில் முடித்துவிட்டே இதற்கு வாருங்கள். சுவரில் பட்டு வந்த ஒலி அழிக்கும் 114 ஹெர்ட்ஸ் பள்ளத்தை ஈக்வலைசரால் நிரப்ப முடியாது. நீங்கள் எவ்வளவு ஊற்றுகிறீர்களோ, சுவரும் அதே அளவு ஊற்றி அழிக்கும். ஓட்டைப் பானையை அடைத்த பிறகே தண்ணீர் நிரப்ப வேண்டும்.

யுமிக்-1 போன்ற அளவுத்திருத்தம் செய்த மைக்கும், அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்டு மென்பொருளும் கிடைத்தால் அளந்து பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: உட்காரும் இடத்தில் அளவீட்டுக் கோடு எல்லா அதிர்வெண்களிலும் மட்டமாக வர வேண்டும் என்று முயன்றால் ஒலி மறுபடியும் காதைக் குத்தும். டென்மார்க்கின் ப்ருயெல் அண்ட் க்யேர் என்ற ஒலி அளவீட்டு நிறுவனம் 1974இல் முன்வைத்த வளைகோடும் உயர் அதிர்வெண்களை நோக்கிப் போகப் போக மெல்லச் சரிவதுதான். சிறிய பெட்டியிலும் கதகதப்பான நிறைவைச் சாதிக்க முடியும் என்பதற்குப் பிபிசி பொறியாளர்கள் எழுபதுகளில் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கர் சாட்சி. அதற்கு ஆழமான பேஸ் கிடையாது. 125 ஹெர்ட்ஸ் அருகே உள்ள சிறு மேடுதான் அந்த நிறைவைத் தருகிறது.

மோகனப்பிரியன்

மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆயிற்று, நடந்ததைச் சொல்கிறேன்.

அன்றிரவே தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு ஸ்பீக்கர்களை 42, 60 என்ற அளவுக்கு நகர்த்தினேன். முதல் தனி ஆவர்த்தனத்திலேயே தொப்பி வாய் திறந்துவிட்டது. இத்தனைக்கும் ஒரு ரூபாய் செலவில்லை. இத்தனை நாள் 33 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்த ஒன்றுக்காகவா கேபிள் கடையில் நின்றேன் என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் வயலின்களின் முள் குறைவதும் உண்மைதான். ஆனால் வீதியின் ஹாரன் ஒலி உள்ளே வருவதால் அதைத் தொடர முடியவில்லை. ராக்வூல் பலகைகள் ஆறு செய்வித்தேன். பக்கச்சுவரில் எங்கே மாட்டுவது என்பதற்கு, என் மனைவி முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே வர, சோபாவில் இருந்தபடி ட்வீட்டர் எங்கே தெரிகிறதோ அங்கே குறித்துக்கொண்டேன். “இது கூடமா, ஜவுளிக்கடையா?” என்று கேட்டவர், இப்போது மாலையில் அவரே வந்து பாட்டுப் போடச் சொல்கிறார். டிரெபிள் பதினொரு மணியில் நிற்கிறது. மென்பொருளைத் தொடவே தேவைப்படவில்லை.

இரண்டு குறைகள் மீதம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலியைக் குறைத்து வைத்தால் மீண்டும் அந்த வறட்சி வந்துவிடுகிறது. அடுத்தது, இசைத்தட்டில் மட்டும் ‘ஸ’ இன்னும் சீறுகிறது. அதே தொகுப்பைக் கணினியில் கேட்டால் சீறவில்லை. ஊசி புதிது, எடையை 2 கிராமில் சரியாக வைத்திருக்கிறேன். டர்ன்டேபிளை ஸ்பீக்கரிலிருந்து தள்ளி வைப்பதற்காக இரண்டு மீட்டர் கேபிள் வாங்கிப் போட்டிருக்கிறேன் என்பதைத் தவிர வேறு மாற்றம் எதுவும் இல்லை.

அளவுகோல்

இரவுக் குறைக்கு மருந்து உங்கள் ஆம்ப்ளிஃபயரிலேயே இருக்கிறது. ஒலி குறையக் குறைய நம் காதுக்கு பேஸ் முன்னதாகவே கேட்காமல் போகும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினார்கள். அதை ஈடுகட்டத்தான் அந்த லவுட்னஸ் குமிழ். அதை ‘ஃப்ளாட்’ இடத்தில் வைத்து, நீங்கள் கேட்கும் மிக உரத்த அளவுக்கு வால்யூமை ஏற்றிவிட்டு, அதன்பின் வால்யூமைத் தொடாமல் லவுட்னஸ் குமிழைத் திருப்பியே ஒலியைக் குறையுங்கள். நடுப்பகுதி கூடுதலாக இறங்கி, பேஸ் தன் இடத்தில் நிற்கும். ‘ப்யூர் டைரக்ட்’ அணைந்திருக்க வேண்டும்.

இசைத்தட்டுக் குறைக்குக் காரணம், என் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது, கேபிள். ஸ்பீக்கர் கேபிளுக்கு நான் சொன்னது இங்கே பொருந்தாது. உங்கள் கார்ட்ரிட்ஜின் கம்பிச்சுருளின் மின்தூண்டல் 550 மில்லிஹென்றி. கேபிளின் மின்தேக்குத் திறனோடு சேர்ந்து அது ஓர் ஒத்ததிர்வை (குறிப்பிட்ட அதிர்வெண் அருகே மட்டும் ஒலி மிகுவதை) உண்டாக்கும். ஆகவேதான் அதற்கு மின்தேக்குத் திறன் மொத்தம் 100 முதல் 200 பிகோஃபாரட் வரையே இருக்கலாம் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். 150 பிகோஃபாரட் இருந்தால் ஒத்ததிர்வு 17,500 ஹெர்ட்ஸ் அருகே, தொந்தரவில்லாத உயரத்தில் நிற்கும். மீட்டருக்கு 100 என்று வைத்தாலும் உங்கள் கேபிள் மட்டும் 200; டோன்ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கை) உள்வயரும் ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ உள்ளீடும் சேர்ந்து இன்னொரு 200 அல்லது 250 கொடுத்தால் மொத்தம் 450ஐத் தொடும். அப்போது ஒத்ததிர்வு 10,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, சகர ஒலிகள் இருக்கும் வட்டாரத்தை ஒட்டி ஒரு மேட்டை எழுப்பும்.

கேபிள் விற்கும் இடத்தில் விலையைக் கேட்பதற்கு முன் மீட்டருக்கு எத்தனை பிகோஃபாரட் என்று கேளுங்கள். மீட்டருக்கு 60 அளவில் உள்ள ஆர்ஜி-59 வகைக் கோஆக்சியல் வயரை முக்கால் மீட்டர் வெட்டி, இரண்டு பக்கமும் ஆர்சிஏ பிளக் பற்றவைத்துக்கொண்டால் 45 பிகோஃபாரட்டில் முடிந்துவிடும். டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபயரின் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அதை வைக்கச் சுவரில் ஒரு தனிப் பலகை அடித்துவிட்டால் ஸ்பீக்கரின் அதிர்வும் அதற்கு ஏறாது.